செவ்வாய்க்கிழமைக் கோயிலா, ஞாயிற்றுக்கிழமைச் சபையா?

போன மாதம் சித்தியின் மகள் வீட்டுக்கு வந்தாள். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள், வங்கியில் வேலை, வயது 29. போட்டுக் கொடுத்த தேநீரை ஆறவிட்டுவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, சேருறதெண்டு முடிவெடுத்திட்டன். எதில சேருறது?"

கிறிஸ்தவத்தில் சேரலாமா என்று அவள் கேட்கவில்லை, எந்தச் சபையில் என்றே கேட்டாள். அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்திருக்கிறாள். இரண்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து கொழும்பு கொச்சிக்கடையில் உள்ள கத்தோலிக்கரின் அந்தோனியார் கோயிலுக்குப் போகிறாள். அதே நேரம் அலுவலகத் தோழி ஒருத்தி சனிக்கிழமைகளில் தெஹிவளையில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போகிறாள். "ரெண்டு இடத்திலயும் அழுதன் அண்ணா" என்றாள். எங்கள் வீட்டில் சிவராத்திரிக்கு முழித்திருந்து வளர்ந்த பிள்ளை.

நானும் அதே வீட்டிலிருந்து வந்தவன்தான். ஞானஸ்நானம் எடுத்துப் பதினொரு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஒன்றரை வருடம் ஒரு பெந்தகோஸ்து சபையில் இருந்தேன், கத்தோலிக்கப் பூசைகளுக்கும் போயிருக்கிறேன், கடைசியில் மெதடிஸ்த திருச்சபையில் வந்து நின்றேன். ஆகவே நான் நடுநிலையான ஆள் இல்லை. அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். இலங்கையில் மதம் மாற அரசாங்கத்திடம் எந்தப் படிவமும் நிரப்பத் தேவையில்லை. விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் தழுவவும் உள்ள சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தருகிறது. கையில் மிஞ்சுவது திருச்சபை தரும் ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றுதான். பள்ளிக்கூட அனுமதிக்காக அந்தச் சான்றிதழைத் தேடிப் போனவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

சரி, கொச்சிக்கடையிலிருந்தே தொடங்குவோம். எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் கிறிஸ்தவம் என்றால் முதலில் கண்ணில் தெரிவது அந்தக் கோயில்தான். செவ்வாய்க்கிழமை போனால் பொட்டு வைத்த அம்மாக்கள், சிங்களக் குடும்பங்கள், கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்ட சட்டத்தரணிகள், எல்லோரும் ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நிற்பார்கள். அந்தோனியாரின் சிலை இருக்கும் கூட்டைத் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நாங்கள் கோயிலில் செய்வது அதேதான். ஒல்லாந்தர் காலத்தில், கத்தோலிக்கத்துக்குத் தடை இருந்தபோது, மறைந்து வாழ்ந்த ஒரு குருவானவரோடு தொடங்கியது அந்த இடத்தின் கதை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த பிறகும் இரண்டு மாதம் ஆகுமுன் கதவு திறந்தது.

ஆனால் தங்கச்சிக்கு நான் சொன்னது இது: செவ்வாய்க்கிழமைக் கொச்சிக்கடை வேறு, கத்தோலிக்கத் திருச்சபை வேறு. கொச்சிக்கடை உன்னிடம் எதையும் கேட்காது. போகலாம், நேர்த்தி வைக்கலாம், அழலாம், 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வரலாம். திருச்சபை கேட்கும். ஒவ்வொரு ஞாயிறும் பூசை காணக் கேட்கும், பாவசங்கீர்த்தனம் கேட்கும், திருமணம் குறித்தும் பிள்ளைகள் குறித்தும் தெளிவான சட்டங்கள் வைத்திருக்கும். மணமுறிவை அது ஏற்காது. ஞானஸ்நானம் எடுக்காத ஒருவரைக் கட்டுவதென்றால் ஆயரின் அனுமதி வேண்டும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். பெண் குருக்கள் இல்லை. குருக்கள் மணமுடிப்பதில்லை.

சேருவதும் ஒரு நாள் வேலை இல்லை. பங்குத்தந்தையைச் சந்தித்து, பெரியவர்களுக்கான மறைக்கல்வி வகுப்பில் மாதக்கணக்கில் இருக்க வேண்டும். பெரும்பாலும் உயிர்ப்புப் பெருவிழாவின் முந்திய இரவுத் திருவிழிப்பில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். இந்த மெதுவேகம் சிலருக்கு எரிச்சல். எனக்கு இப்போது அது பெரிய நன்மையாகத் தெரிகிறது. முடிவெடுத்த மனமும் மூன்று மாதத்தில் குளிர்ந்துபோகலாம். குளிர்ந்தால் அதைத் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது தெஹிவளை வீட்டுக் கூட்டம். பெந்தகோஸ்து, சுயாதீன சபைகள் என்று நாங்கள் ஒரே மூட்டையாகக் கட்டுவது தவறு. அசெம்பிளீஸ் ஒஃப் கோட் போன்ற பெரிய, ஒழுங்குள்ள அமைப்பும் இருக்கிறது, ஒரு பாஸ்டரும் ஒரு கீபோர்டும் இருபது பிளாஸ்டிக் கதிரையுமாக நடப்பதும் இருக்கிறது. 1920களில் கொழும்பிலேயே பிறந்து உலகமெங்கும் போன சிலோன் பெந்தகோஸ்து மிஷனும் இருக்கிறது. அங்கே ஊழியர்கள் மணமுடிப்பதில்லை, வெள்ளை உடுப்பு, நகை கிடையாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே "அல்லேலூயாச் சபை". உள்ளே போனால் ஒன்றுக்கொன்று எவ்வளவோ வித்தியாசம்.

நான் இருந்த பெந்தகோஸ்து சபையில் ஒன்றரை வருடம் எனக்குக் கிடைத்ததை நான் மறுக்க மாட்டேன். முதல் நாளே என் பெயரைக் கேட்டார்கள், இரண்டாவது கிழமை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வேலை போன மாதம் அரிசி வந்தது, யார் கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. பைபிளை வாசிக்கப் பழக்கியது அவர்கள்தான். இடைக்கிடை எழுந்து ஜெபிக்க வைத்தார்கள், யாழ்ப்பாணத்துக் கூச்சம் கொஞ்சம் விட்டுப்போனது. கத்தோலிக்கப் பூசையில் ஆறு மாதம் கடைசி வாங்கில் இருந்தும் ஒருவரும் என்னிடம் கதைத்ததில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் விட்டு வந்த காரணம் ஒரு பிள்ளையார் படம். அம்மாவின் சுவாமி அறையில் இருந்த படம். அதை எடுத்து எறிந்தால்தான் என் வீட்டில் விடுதலை வரும் என்று பாஸ்டர் சொன்னார். படம் என்னுடையதில்லை, வீடும் என்னுடையதில்லை என்றேன். அப்படியானால் வீட்டைவிட்டு வெளியேறு என்றார். எல்லாப் பெந்தகோஸ்து சபையிலும் இப்படிச் சொல்வார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரியவர்களை மதிக்கச் சொல்லிக்கொடுக்கும் பாஸ்டர்மாரும் இருக்கிறார்கள். ஆனால் பாஸ்டர் ஒருவரே முடிவெடுக்கும் சிறிய சபையில், அவர் சொன்னது பிழை என்றால் மேலே போய் முறையிட ஆள் இல்லை. கத்தோலிக்கர் ஆயரிடம் போகலாம், மெதடிஸ்தர் தங்கள் திருச்சபையின் மாநாட்டிடம் போகலாம். நீ யாரிடம் போவாய் என்று தங்கச்சியிடம் கேட்டேன். யோசிக்கிறேன் என்றாள்.

பணமும் அப்படித்தான். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்று, அந்தச் சபைகளில் பெரும்பாலும் கட்டாயம் போல. கத்தோலிக்கப் பூசையில் காணிக்கைத் தட்டு வரும், நீ போட்டது ஐம்பதா ஆயிரமா என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் சபையில் மாதச் சந்தா உறையும் வருட இறுதியில் கணக்கறிக்கையும் உண்டு. பத்தில் ஒன்றைக் கொடுக்கும் இடத்தில் கணக்கைக் கேட்கும் உரிமை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவை அங்கிலிக்கன் திருச்சபையும் மெதடிஸ்த திருச்சபையும். எங்கள் சனத்துக்கு இவை பள்ளிக்கூடம் வழியாகத்தான் தெரியும். தாத்தா பரியோவான் கல்லூரி என்றால் அங்கிலிக்கன், பாட்டி வேம்படி என்றால் மெதடிஸ்த, பத்திரிசியார் என்றால் கத்தோலிக்கம், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் உடுவிலும் என்றால் அமெரிக்க மிஷன், அதன் தொடர்ச்சியான தென்னிந்தியத் திருச்சபை. கொழும்பில் இன்றும் பாதிப் பேர் எந்தச் சபை என்பதை முடிவு செய்தது இறையியல் இல்லை, யாரோ ஒரு பூட்டன் எந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் தூரத்தில் குடியிருந்தார் என்பதுதான்.

அங்கிலிக்கன் வழிபாட்டுக்குள் போனால் கத்தோலிக்கப் பூசை போலவே இருக்கும். அங்கி, பீடம், நற்கருணை, திருவழிபாட்டுக் காலங்கள். ஆனால் பாப்பரசர் இல்லை. குருவானவர் மணமுடிக்கலாம். 2006 முதல் இலங்கையில் பெண் குருக்களும் உண்டு. கொழும்பு மறைமாவட்டம் 1845இல் உருவானது, பேராலயம் பௌத்தாலோக மாவத்தையில். அதற்குள்ளும் இரண்டு முகம்: தூபம் போடும் பொல்வத்தை புனித மைக்கேல் ஆலயம் ஒரு பக்கம், பிரசங்கத்துக்கு முக்கியம் கொடுக்கும் சபைகள் மறுபக்கம். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை மதிப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

மெதடிஸ்த மிஷனரிகள் 1814இல் காலியில் வந்து இறங்கினார்கள். அழைத்து வந்த தோமஸ் கோக் வழியிலேயே கப்பலில் இறந்துபோனார். அவர்கள் கட்டிய புறக்கோட்டை ஆலயம் இன்னும் இருக்கிறது. வழிபாடு எளிமை, பாட்டு நிறைய. பிரசங்கம் நன்றாக இருந்தால் ஞாயிறு நன்றாக இருக்கும், இல்லாவிட்டால் மின்விசிறியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இது எங்கள் பலவீனம். கத்தோலிக்கப் பூசையில் பிரசங்கம் சொதப்பினாலும் பூசை நடக்கும். எங்களிடம் போதகர் சொதப்பினால் அன்றைக்கு வேறெதுவும் மிஞ்சுவதில்லை. புதிதாக வருபவரை வரவேற்பதிலும் நாங்கள் கெட்டிக்காரர் இல்லை. "நீங்கள் ஆருடைய மகன்?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் சொல்லத் தெரியாதவர் வெளியாள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பப்திஸ்து சபை 1812இலேயே கொழும்புக்கு வந்தது. நம்பி வரும் பெரியவர்களுக்கே, முழுக்கிக் கொடுக்கும் ஞானஸ்நானம். பெந்தகோஸ்தின் சத்தம் வேண்டாம், ஆனால் அந்தப் பைபிள் பிடிமானம் வேண்டும் என்பவர்கள் எட்டிப் பார்க்கலாம். இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமோ நற்கருணையோ இல்லை. சீருடையும் சேவையும்தான். வோல்வெண்டால் ஒல்லாந்தர் ஆலயம் 1750களைச் சேர்ந்தது. தங்கச்சியை அதைப் பார்க்கக் கூட்டிப்போவேன், சேரச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார்கள், நாங்கள் ஞானஸ்நானம். அவர்களுக்குத் தூய ஆவி, எங்களுக்குப் பரிசுத்த ஆவி. அவர்கள் பூசை காண்பார்கள், நாங்கள் ஆராதனைக்குப் போவோம். சுவாமி, போதகர், பாஸ்டர் என்று கூப்பிடும் சொல்லிலேயே எந்தக் கூட்டம் என்று தெரிந்துவிடும். பைபிளிலும் கத்தோலிக்கருக்கு 73 நூல், மற்றவர்களுக்கு 66. கடையில் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். நான் முதலில் தப்பானதை வாங்கிக்கொண்டு போய்ச் சபையில் முழித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இந்தப் பேச்செல்லாம் பிடிக்காது. நான் முதன்முதல் சொன்னபோது அவர் சொன்னது: "நாவலரும் பேர்சிவல் துரையோட இருந்து பைபிளைத் தமிழாக்கிக் குடுத்தவர். திருநீற்றை அழிக்கேல்லையே." சைவத்துக்கு உழைத்த ஆறுமுக நாவலரையும் மெதடிஸ்த மிஷனரி பீற்றர் பேர்சிவலையும்தான் சொன்னார். அது உண்மைதான். பதில் சொல்ல எனக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். மானிப்பாயில் சைவ வீட்டில் வைத்திலிங்கமாகப் பிறந்து, கத்தோலிக்கக் குருவாகி, தமிழுக்கு உழைத்த சுவாமி ஞானப்பிரகாசர். மெதடிஸ்தப் போதகரான டி. ரி. நைல்ஸ். நற்செய்தி சொல்வது என்றால், சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சொல்வதுதான் என்றார் நைல்ஸ். அம்மா கேட்டுவிட்டு, "அப்ப நீ பிச்சைக்காரனோ?" என்றார். ஓம் என்றேன்.

இனி நான் தங்கச்சியோடு அதிக நேரம் கதைத்த விஷயம். செத்த வீடு.

சைவ வீட்டுப் பிள்ளை சபை தேடும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. நான் ஞானஸ்நானம் எடுத்த நாலாம் வருடம் அப்பா போனார். நான் மூத்த மகன். ஐயர் வந்து கிரியை தொடங்குமுன், பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, கொள்ளி ஆர் வைக்கிறது?" வீடு நிறையச் சனம். என் கையில் தொலைபேசி. எங்கள் போதகருக்கு எடுத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "மகன் செய்ய வேண்டியதைச் செய்யுங்கோ. மந்திரம் சொல்ல மனம் வராட்டிச் சொல்லாதேங்கோ. நான் பின்னேரம் கனத்தை மயானத்துக்கு வாறன்." வந்தார். வெள்ளை அங்கி இல்லை, சாதாரணச் சேட்டோடு பின்வரிசையில் நின்றார். நான் பெட்டியின்மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினேன், கை நடுங்கியது, சித்தப்பா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஐயர் தேவாரம் பாடினார், நான் வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான்.

முதல் சபையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு சகோதரனுக்குத் தாயின் அந்திரட்டி (31ஆம் நாள் கிரியை) வீட்டுக்குள் காலடி வைக்கக்கூடாது என்று சொன்னார்கள். அவர் ஒழுங்கைத் தொங்கலில் மோட்டார் சைக்கிளில் இருந்துகொண்டு சனம் போய்வருவதைப் பார்த்தார். விசுவாசத்தின் வல்லமை என்று அடுத்த ஞாயிறு அதைச் சாட்சியாகச் சொல்லவைத்தார்கள்.

இந்த இடத்தில் கத்தோலிக்கத்துக்குப் பெரிய பலம் உண்டு. இறந்தவருக்காக அங்கே ஜெபிக்கலாம். 31ஆம் நாள் பூசை ஒப்புக்கொடுக்கலாம், நவம்பர் 2ஆம் திகதி சகல ஆன்மாக்கள் தினம் உண்டு. அந்திரட்டியும் திவசமும் பார்த்து வளர்ந்த மனதுக்கு அது பழகிய வீடு மாதிரி. சைவராகச் செத்த அப்பாவுக்காகவும் கத்தோலிக்கர் ஜெபிக்கலாம். மற்ற மதங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எழுத்திலேயே சொன்னது, இந்து சமயத்தைப் பெயர் குறிப்பிட்டே. எங்கள் மெதடிஸ்த வழக்கில் அப்பாவை நினைத்து நன்றி சொல்லலாம், அவருக்காக ஜெபிப்பது வழக்கமில்லை. அங்கிலிக்கனில் எந்த ஆலயம் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு வருடமும் அப்பாவின் திதியன்று எனக்குக் கத்தோலிக்கர்மேல் கொஞ்சம் பொறாமை வரும்.

திரும்பிப் போவது பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரோடும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரோடும் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கரும் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்வார்கள், திரும்பக் கொடுக்க மாட்டார்கள். தெளித்துக் கொடுத்ததைப் பெந்தகோஸ்து சபைகள் பொதுவாக ஏற்பதில்லை, கடலிலோ தொட்டியிலோ மீண்டும் முழுக்குவார்கள். நற்கருணையும் அப்படி: எங்கள் மேசைக்கு எந்தச் சபையாரும் வரலாம், கத்தோலிக்க மேசைக்கு நான் போக முடியாது. இரண்டு பக்கமும் உறவுக்காரர் உள்ள கல்யாணத்தில் இது ஒரு சின்ன முள்ளாகக் குத்தும்.

ஆக என்ன சொன்னேன்? தெஹிவளைக் கூட்டத்தை விடச் சொல்லவில்லை, அந்தத் தோழி நல்ல பிள்ளை. ஆனால் அங்கே ஒரு வருடத்துக்குத் தண்ணீரில் இறங்க வேண்டாம், அவசரப்படுத்தினால் அதுவே பதில் என்றேன். அந்தோனியாரிடம் தேடியது உனக்குக் கத்தோலிக்கத்தில் கிடைக்கலாம், நான் ஊகிப்பதும் அதுதான், மெதடிஸ்தன் என்றாலும் சொல்கிறேன். மெழுகுதிரியும் கூட்டைத் தொடும் கையும் உனக்கு இரத்தத்தில் இருக்கிறது. எங்கள் வெறும் சுவருக்கு முன் நீ காய்ந்துபோவாய். சட்டங்கள் மூச்சுமுட்டினால், பெண் பிள்ளையாக ஒரு குரல் வேண்டும் என்றிருந்தால், அங்கிலிக்கனைப் பார். ஆனால் திருவிழா நாளில் போய் முடிவெடுக்காதே. பெருநாள் ஒன்றும் இல்லாத சாதாரண ஞாயிறுகளில், மழை தூறும்போது, ஒவ்வொரு இடத்திலும் தொடர்ந்து ஐந்து கிழமை போய் இரு.

முதலில் வீட்டுக்குப் பக்கத்துக் கத்தோலிக்க ஆலயம் என்று தொடங்கியிருக்கிறாள். இரண்டாவது ஞாயிறு பின்னேரம் அழைத்தாள். "பிரசங்கம் ஒண்டும் விளங்கேல்ல அண்ணா. செருப்பும் அறுந்து போச்சு." பக்கத்து வாங்கில் இருந்த ஒரு அம்மா சட்டை ஊசி ஒன்று கொடுத்தாராம், செருப்பு வாரைக் குத்தி வீடு வந்து சேர்ந்தாளாம். "அடுத்த கிழமை அந்த ஊசியைத் திருப்பிக் குடுக்கோணும்" என்றாள்.

சித்திக்கு இன்னும் சொல்லவில்லை.